நூலகத்துக்கு எந்த நாளிதழை வாங்குவது? நடுநிலையான பத்திரிகை என்று ஒன்று இருந்ததா?

கேள்வி – கிளை நூலக வாசகர்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நானும் ஓர் உறுப்பினன். அரசு வாங்கித் தரும் நாளிதழ்களோடு இன்னும் இரண்டு நாளிதழ்களுக்கு எங்கள் செலவில் ஆண்டுச் சந்தா கட்டுவதென்று சென்ற கூட்டத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டோம்; எந்த இரண்டு என்று கேட்டபோதுதான் சிக்கல் எழுந்தது. ஒருவர் ஒரு பெயரைச் சொன்னால், அது இன்ன கட்சிக்கு வேண்டிய பத்திரிகை என்று இன்னொருவர் மறுக்கிறார். வேறொன்றைச் சொன்னால், அது இன்ன சாதிக்காரர்களுடையது என்கிறார் மூன்றாமவர். தங்கள் இளமைக் காலத்தில் பத்திரிகைகள் நடுநிலையோடு இருந்தன என்றும், கட்சிகள் தொலைக்காட்சி தொடங்கிய பிறகே எல்லாம் கெட்டது என்றும் மூத்தவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். கல்லூரியில் படிக்கும் உறுப்பினர்களோ, செய்தி கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது, சந்தாப் பணத்துக்குப் போட்டித் தேர்வு நூல்கள் வாங்கலாம் என்கிறார்கள்.

எனக்கு இரு தரப்போடும் முழு உடன்பாடு இல்லை. சார்பற்ற பத்திரிகை தமிழ்நாட்டில் எப்போதாவது இருந்ததா? இருந்ததில்லை என்றால், இன்றைய சார்பு அன்றைய சார்பிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது? துறையை அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால், அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்ட விரும்புகிறேன்.

பதில் – பழைய இதழ் சேகரிப்பாளர்

ஐயா, மூத்த உறுப்பினர்களின் நினைவை மதிக்கிறேன். ஆனால் வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. நம் மாநிலத்தில் பத்திரிகைகள் பிறந்த கதையைப் பார்த்தால், பேர்பெற்ற ஏடுகளில் பல, தமக்கு முன்பிருந்த ஏடுகளின் பாரபட்சத்தைப் பொறுக்க மாட்டாமலே பிறந்திருக்கின்றன. 1878-இல் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் கையிலிருந்த பத்திரிகைகள் அந்த நியமனத்தைத் தாக்கி எழுதின. மறுமொழி சொல்ல இந்தியர் கையில் ஓர் ஏடு இல்லையே என்று வருந்திய ஆறு திருவல்லிக்கேணி இளைஞர்கள், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 படிகள் அச்சிட்டு ‘தி இந்து’வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882-இல் தமிழில் ‘சுதேசமித்திரன்’ கண்டவர்.

அந்த ஏடுகள் அந்நிய ஆட்சியின் முன் இந்தியரின் குரலாக நின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லா இந்தியரின் குரலாகவும் நின்றனவா என்று அக்காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் நடத்தத் துணிந்தது, தம் மக்களின் துன்பமும் கோரிக்கையும் மற்றவர் ஏடுகளில் உரிய இடம் பெறாத காலத்தில்தான். 1916 இறுதியில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அடுத்த ஆண்டே ‘ஜஸ்டிஸ்’ ஆங்கிலத்திலும் ‘திராவிடன்’ தமிழிலும் வந்தன. 1925-இல் ஈரோட்டிலிருந்து பெரியாரின் ‘குடி அரசு’ வந்தது. 1942-இல் மதுரையில் தொடங்கப்பட்ட ‘தினத்தந்தி’ எளிய தமிழால் நாளிதழைத் தேநீர்க் கடை வரைக்கும் கொண்டு சென்றது; அதன் நிறுவனர் சி.பா. ஆதித்தனார் 1967-இல் சட்டப்பேரவைத் தலைவராகவும், பின்னர் அமைச்சராகவும் ஆனார். பத்திரிகை அதிபர் ஒருவர் ஆட்சியில் அமர்வது அன்றே நடந்திருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எனவே சார்பே இல்லாத பொற்காலம் ஒன்று இருந்ததாக நான் நினைக்கவில்லை. இருந்தது வேறொன்று. ‘குடி அரசு’ வாங்கியவருக்கு அது எந்தக் கொள்கையின் ஏடு என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். கம்யூனிஸ்ட் ஏடான ‘ஜனசக்தி’ வாங்கியவருக்கும் அவ்வாறே. தன்னிடம் பேசுபவர் யார், எதற்காகப் பேசுகிறார் என்பதை அறிந்தே வாசகர் படித்தார். சார்பு உண்டா இல்லையா என்று பார்ப்பதைவிட, அது அறிவிக்கப்பட்டதா மறைக்கப்பட்டதா என்று உங்கள் வட்டம் பார்க்கலாம் என்பது என் கருத்து.

பதில் – முன்னாள் தாலுகா நிருபர்

மேலே ஐயா தந்த வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவர் பேசுவது கருத்தைப் பற்றி. செய்தியைப் பற்றி நான் கொஞ்சம் எழுத வேண்டும். ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சார்பு தலையங்கத்தில் இருப்பதைவிட, அச்சில் ஏறாமலே போன செய்தியில்தான் மிகுதியாக இருக்கிறது. தலையங்கத்தின் சாய்வை எந்த வாசகரும் கண்டுகொள்வார். வராத செய்தியை அவர் எப்படிக் கண்டுகொள்வார்?

தாலுகா நிருபர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் என்று சொல்லத்தக்கது ஏதும் கிடையாது. ஒரு சிறு தொகை வரும். மற்றபடி, பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்குக் கமிஷன். தலைவர்களின் பிறந்தநாளுக்கு இணைப்பிதழ் போடும்போது ஒன்றியச் செயலாளரிடமும், கல்வியாண்டு தொடங்கும்போது தனியார் பள்ளித் தாளாளரிடமும், ஆடி மாதத்தில் ஜவுளிக் கடைக்காரரிடமும் போய் நிற்க வேண்டியவர் அதே நிருபர்தான். நாளைக்கு விளம்பரம் கேட்டுப் போக வேண்டிய கல்குவாரி உரிமையாளரைப் பற்றி இன்று அவர் எப்படி எழுதுவார்? சாயக்கழிவு கலந்து கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டதென்று ஒரு கிராமத்தார் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்து காட்டியதைப் படத்தோடு எழுதி அனுப்பினேன். முதல் நாள் இடமில்லை என்றார்கள். மறுநாள் நான்கு வரியாகச் சுருக்கி, ஆலையின் பெயரை எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார்கள். கடைசியில் அதுவும் வரவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, எழுதாதே என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில மாதங்களில், எது வரும் எது வராது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதன்பிறகு வராதவற்றை நான் எழுதுவதையே நிறுத்திக்கொண்டேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தணிக்கை என்றால் அதிகாரி ஒருவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறார்கள். மாவட்டங்களில் அந்த வேலையை நிருபரின் வயிறே செய்துவிடுகிறது.

பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை மத்திய அரசு 2011-இல் அறிவிக்கை செய்தது. உச்ச நீதிமன்றம் 2014-இல் அவற்றை உறுதிப்படுத்தியது. ஆனால் ஒப்பந்தம்கூட இல்லாமல் விளம்பரக் கமிஷனில் காலம் தள்ளும் கிராமப்புற நிருபரின் கையில் அந்தத் தீர்ப்பால் என்ன வந்து சேர்ந்தது என்று கேட்டால், என்னால் ஒன்றையும் காட்ட முடியாது.

மேல்மட்டத்திலும் பணம் இதையே செய்கிறது. 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, அன்றைய முதலமைச்சர் அசோக் சவாணைப் புகழும் ஒரே கட்டுரை, ஒன்றோடொன்று போட்டியிடும் மராத்தி நாளிதழ்கள் மூன்றில் வெளிவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அம்பலப்படுத்தினார். நாளிதழ் விளம்பரத்துக்கென்று சவாண் தேர்தல் ஆணையத்திடம் காட்டிய செலவோ 5,379 ரூபாய். காசு கொடுத்துப் போட்ட செய்தி அது என்பதை அவர் மறுத்தார். அவருக்கு எதிரான ஆணையத்தின் உத்தரவைத் தில்லி உயர் நீதிமன்றம் 2014-இல் ரத்து செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காசுக்குச் செய்தி போடும் வழக்கத்தை விசாரிக்க இந்தியப் பிரஸ் கவுன்சில் அமைத்த இருவர் குழு, பத்திரிகைகளின் பெயர்களோடு விரிவான அறிக்கை தந்தது. கவுன்சில் 2010-இல் அதைச் சுருக்கி, பெயர்களை விட்டுவிட்டு வெளியிட்டது. முழு அறிக்கை தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு 2011-இல்தான் வெளியே வந்தது. பத்திரிகைகளின் ஒழுங்கைக் காக்க வேண்டிய அமைப்பே பத்திரிகைகளின் பெயரைச் சொல்லத் தயங்கியது என்பதை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியாதவனாக இருக்கிறேன்.

பதில் – இதழியல் கற்பிப்பவர்

நிருபர் ஐயா எழுதியதை என் மாணவர்களுக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். ஆனால் இதழ் சேகரிப்பாளர் ஐயாவின் முடிவோடு ஒரு பகுதியில் மாறுபடுகிறேன். அறிவிக்கப்பட்ட சார்பு தீங்கற்றது என்ற எண்ணம், கொள்கைக்காகக் கைப்பணத்தைச் செலவிட்டு நடத்திய சிற்றேடுகளுக்குப் பொருந்தும். அதை அப்படியே தூக்கி இன்றைய கட்சித் தொலைக்காட்சிகளுக்குப் பொருத்த முடியாது. சன் தொலைக்காட்சி 1993-இல் தொடங்கியபோது, தூர்தர்ஷனின் அரசுக் குரலுக்கு மாற்று வந்ததென்று மக்கள் மகிழ்ந்தார்கள். பிறகு 1999-இல் ஜெயா, 2006-இல் மக்கள், 2007-இல் கலைஞர், 2010-இல் கேப்டன் என்று தொலைக்காட்சிகள் வரிசையாக வந்தன. இவற்றின் சார்பு ஊரறிந்தது. ஆனாலும் நெடுந்தொடரும் திரைப்படமும் பார்க்க உட்கார்ந்த குடும்பத்தின் முன், அவற்றின் இடையில் செய்தியும் வந்து விழுகிறது. கொள்கையை அறிந்து ஏட்டைத் தேடி வாங்குவதும் இதுவும் ஒன்றாகுமா?

2007-ஐ நினைத்துப் பாருங்கள். தி.மு.க. தலைவர் கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை, சன் தொலைக்காட்சியை நடத்தும் மாறன் குடும்பத்தின் ‘தினகரன்’ வெளியிட்டது. மே 9 அன்று அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டதில் ஊழியர்கள் மூவர் இறந்தார்கள். இருவர் கணினிப் பொறியாளர்கள், ஒருவர் காவலாளி. அவர்கள் அந்தக் கணிப்பில் ஒரு வரிகூட எழுதியவர்கள் அல்லர். அதே ஆண்டு கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் கருணாநிதி, மாறன் குடும்பங்கள் சமாதானமாயின. இடைப்பட்ட காலத்தில் அரசைப் பற்றிய செய்தியின் சுருதி ஒருமுறை மாறி, மீண்டும் பழைய நிலைக்கு வந்ததை அந்நாளில் செய்தி பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வழக்கில் 2009-இல் அனைவரும் விடுதலை செய்யப்பட்டார்கள்; 2019-இல்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கொள்கைச் சார்பில் ஒரு நிலைத்தன்மை உண்டு. உரிமையாளரின் குடும்ப நலனைச் சார்ந்த செய்திக்கு அதுவும் கிடையாது.

ஆட்சியாளர்களின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. 1987-இல் அட்டைப்பட நகைச்சுவைத் துணுக்கு ஒன்றுக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்துச் சிறைக்கு அனுப்பியது. கண்டனம் பெருகியதால் சில நாள்களிலேயே விடுவித்தது. 2003 நவம்பரில் பேரவை, ‘தி இந்து’வின் ஐந்து பேருக்கு 15 நாள் சிறை விதித்தபோது, அந்த இதழின் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டதற்காக ‘முரசொலி’ ஆசிரியருக்கும் அதே தண்டனையை விதித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. கட்சி ஏடும் கட்சி சாராத ஏடும் ஒரே தீர்மானத்தில் தண்டிக்கப்பட்டதை நான் வகுப்பில் எப்போதும் எடுத்துச் சொல்வேன். உரிமை பறிபோகும்போது யாருக்கும் விலக்கு இல்லை.

உங்கள் வட்டத்தில் ஒருவர் சாதியைக் குறிப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வீண் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். 1996-இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், தில்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தலித் ஒருவரையாவது கண்டுபிடிக்க முயன்றார். அவரால் முடியவில்லை என்று ‘தி பயனீர்’ இதழில் எழுதினார். 2006-இல் தில்லியில் யோகேந்திர யாதவ் உள்ளிட்டோர், 37 இந்தி, ஆங்கில ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலுள்ள 315 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. இது தமிழ் ஊடகங்களைப் பற்றிய ஆய்வு அன்று. ஆனால் சேரியில் நடந்த தாக்குதலை “இரு பிரிவினர் மோதல்” என்று தலைப்பிடும் வழக்கம் நம் ஏடுகளில் எத்தனை காலமாக இருக்கிறது என்று பாருங்கள். அடித்தவரும் அடிபட்டவரும் அந்தத் தலைப்பில் ஒன்றாகிவிடுகிறார்கள். செய்தி அறையில் அந்தச் சேரியிலிருந்து வந்த ஒருவர் இருந்திருந்தால், அந்தத் தலைப்பு அச்சுக்குப் போகும் முன் ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. கைப்பேசி போதும் என்கிற எங்கள் இளைய உறுப்பினர்களுக்கு என்ன சொல்வது? அச்சகம் வைத்திருப்பவர்தான் பேச முடியும் என்ற நிலை மாறிவிட்டது என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பதில் – இணையச் செய்தியாளர்

நியாயம் நிச்சயமாக இருக்கிறது. ஒன்றே முக்கால் ரூபாயில் ஏடு தொடங்கிய காலம் போய், கோடிகள் இருந்தால்தான் அச்சு இயந்திரம் என்றாகி, இப்போது மீண்டும் ஒரு கைப்பேசி இருந்தால் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. நானே அப்படி வந்தவன்தான். ஆனால் 2018 மே மாதத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை உங்கள் இளைய உறுப்பினர்களிடம் சொல்லுங்கள்.

அந்த மாதம் 9-ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியை, பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணிக் கூட்டம் அடித்துக் கொன்றது. வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பொய்தான் அந்த எண்ணத்தை விதைத்தது. அதை அனுப்பியவர்கள் பலரும் அக்கறையோடுதான் அனுப்பியிருப்பார்கள். அனுப்பும் முன் காவல் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்து கேட்பது தன் வேலை என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. அது எவருடைய வேலையாகவும் இல்லாமல் போனது.

அதே மாதம் 22-ஆம் நாள் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் வந்தவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டிலும், மறுநாள் நடந்ததிலும் சேர்த்து 13 பேர் கொல்லப்பட்டார்கள். வேனின் மேல் ஏறி நின்று குறி பார்த்த, சீருடை அணியாத காவலரின் காட்சி முதல் நாளே நாடெங்கும் பரவியது. காட்சி இல்லாதிருந்தால் அது நடந்ததென்றே பலர் நம்பியிருக்க மாட்டார்கள். மறுநாள் மூன்று மாவட்டங்களில் அரசு இணையத்தைத் துண்டித்தது. அந்த நாள்களில் அங்கே கைப்பேசி மட்டும் வைத்திருந்தவருக்குச் செய்தி வரும் வழி அடைபட்டது. துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கூறினார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அது உண்மையன்று என்றும், உயர் அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தெரிவித்து வந்தார்கள் என்றும் தன் அறிக்கையில் எழுதியது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் பேரவையில் வைக்கப்பட்டது. ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ‘ஃப்ரண்ட்லைன்’ இதழ் அதன் உள்ளடக்கத்தை வெளியிட்டுவிட்டது. நான்கு ஆண்டுகள் ஒரு செய்தியின் பின்னே நடந்து, ஆவணத்தைப் பெற்று, சரிபார்த்து எழுதுவதற்கு ஒரு நிருபருக்கு யாரோ ஊதியம் கொடுத்திருக்க வேண்டும். பேசுவதற்கான செலவு குறைந்துவிட்டது. தேடிச் சென்று சரிபார்ப்பதற்கான செலவு சிறிதும் குறையவில்லை. என்னைப் போன்று இணையத்தில் நடத்துபவர்களில் பலர், முன்பு வேறொருவர் ஊதியத்தில் திரட்டிய செய்தியின் மேல் அமர்ந்து கருத்துச் சொல்கிறோம். திரட்டுபவர்கள் குறைந்துகொண்டே போனால், நாங்கள் எதைப் பற்றிக் கருத்துச் சொல்வோம்?

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, யூடியூபர்களோடு வட இந்தியாவின் பெரிய நாளிதழ் ஒன்றும் அதே தவற்றைச் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அச்சில் வந்தால் உண்மை என்று மூத்தவர்கள் நம்புவதற்கும் அது மறுமொழி.

பதில் – முன்னாள் தாலுகா நிருபர்

கேட்டது எந்த இரண்டு என்பதால், ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். நடுநிலையானது என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஏட்டைத் தேட வேண்டாம். ஒன்று போடாமல் விடும் செய்தியை மற்றொன்று விட்டுவைக்காத இரண்டு ஏடுகளை எடுங்கள். ஆனால் இரண்டுக்கும் உங்கள் மாவட்டப் பதிப்பு இருக்க வேண்டும், மாவட்டப் பக்கத்தில் ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பு மட்டுமல்லாமல் நிருபர் நேரில் போய் எழுதியதும் இருக்க வேண்டும். இதை ஒரு மாதப் பதிப்புகளைப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம்: எல்லா ஏடுகளிலும் ஒரே வாக்கியத்தில் வரும் செய்தி, செய்தித்துறை அனுப்பியது. உங்கள் ஊராட்சியின் கிராம சபையில் உண்மையில் என்ன பேசப்பட்டது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். மறுநாள் ஏடுகளில் அதில் எது வந்தது, எது வரவில்லை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வராதது எதுவோ அதைக் கேட்டு ஆசிரியருக்கு அஞ்சலட்டை எழுதுங்கள். வாசகர் கடிதம் வந்தால் மாவட்ட அலுவலகத்தில் அதைப் படிக்கிறார்கள், அந்த ஊர்ப் பக்கம் நிருபரை அனுப்பவும் செய்கிறார்கள்.

பழைய நாளிதழ்களை மாதக் கடைசியில் எடைக்குப் போடாமல் ஓராண்டுக்காவது அடுக்கி வைக்க நூலகரிடம் இடம் கேளுங்கள். வேட்பாளர் ஒருவரைப் பற்றித் தேர்தலுக்கு முன் ஓர் ஏடு எழுதியதையும், அவர் வென்றபின் எழுதியதையும், அவர் பிறந்தநாள் விளம்பரம் வந்த நாளில் எழுதியதையும் அருகருகே வைத்துப் படிக்க, எங்கள் காலத்திலும் சரி, இன்றும் சரி, வேறு வழி எனக்குத் தெரியவில்லை.